மா ஆயன

கும்மிடிப்பூண்டியிலிருந்து சூளூர்ப்பேட்டை
நாற்பது கிலோமீட்டருக்குள்தான்.
போய்ச்சேர எங்களுக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று.

சூப்பர்வைசர் கேட்டார், "எங்க, ஊட்டியா?"
"வெளி மாநிலம்" என்றேன்.
கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னேன்.
பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டோம்.
இரண்டு நாளுக்கு நான்கு சேலை எடுத்தாள் சுகுணா.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஆரம்பாக்கம் தாண்டியதும்
செல்போன் ஒருமுறை துடித்து வரவேற்றது.
எல்லையென்று பார்க்க வேறொன்றுமில்லை.
வரிசையில் லாரிகள், ஒரு கொய்யாப்பழ வண்டி.
கடைப்பலகை எழுத்தெல்லாம்
திடீரென்று உருண்டு திரண்டு
என்னைப் படிக்காதவன் ஆக்கின.
அவளுக்கும் அப்படித்தான்.
வீட்டில் பேசிய பாஷை அது,
பள்ளிக்கூடத்தில் யாரும் எழுதிக் காட்டவில்லை.

லாட்ஜ்காரர் இரண்டு ஆதாரையும்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஒரே விலாசம்தான், ஆனாலும் பார்த்தார்.
அப்போதுதான் இவள் பேசினாள்.

அம்மாவோடு போனில் அவள் பேசிக் கேட்டிருக்கிறேன்.
குக்கர் விசிலுக்கு நடுவே,
பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிற குரல் அது.
இது நடுத்தெருவில் நின்று பேசுகிற குரல்.
"எந்தக் காலத்துத் தெலுங்கும்மா இது,
பாதி அரவம்" என்று அவர் சிரித்தாராம்.
அந்தப் பாதித் தெலுங்கை வைத்தே
அறை வாடகையில் இருநூறு குறைத்துவிட்டாள்.

மறுநாள் விடியலில் ஆட்டோ.
ஏரியை நடுவில் கிழித்துக்கொண்டு போகிற சாலை,
இருபுறமும் முழங்கால் ஆழத் தண்ணீர்,
தூரத்தில் யாரோ துவைத்துக் காயப்போட்டதுபோல்
வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு.
கோடு நடந்தது.

"பூநாரை" என்றேன்.
"ராஜஹம்ச" என்றார் ஆட்டோக்காரர்.
எங்களுக்குப் பூ, அவர்களுக்கு ராஜா.
அது தலைகீழாய்க் கழுத்தை வளைத்து
சேற்றைச் சலித்துக்கொண்டிருந்தது,
இரண்டு பெயரையும் காதில் வாங்காமல்.
இதே ஏரிதான் தெற்கே பழவேற்காடு.
அங்கே போய்ப் பார்த்திருந்தால்
பஸ் செலவு மிச்சம் என்று தோன்றியது.
நல்லவேளை, சொல்லவில்லை.

கரையில் கருவாடு விற்றவளோடு
சுகுணா குந்தி உட்கார்ந்துவிட்டாள்.
கால் மணி நேரம். அரை மணி நேரம்.
பேச்சு நடுவே இரண்டு முறை
"மா ஆயன" என்றாள்.
இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
சிரித்தார்கள்.

ஆயனாம்.
மாடு ஒன்றுகூட மேய்த்ததில்லை நான்.
பன்னிரண்டு மணி நேர ஷிப்டில்
இரும்புக்கம்பி எண்ணுகிறவன்.
"அப்படின்னா 'எங்க அவரு', அவ்வளவுதான்"
என்றாள் ராத்திரி, பெசரட்டு பிய்த்துக்கொண்டே.
"ஒருத்தனுக்கு எதுக்கு 'எங்க'?"
"அப்படித்தான் சொல்லுவாங்க."
"சரி, ஏன் சிரிச்சீங்க?"
"ஒண்ணுமில்ல."
டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.
அவள் கண்கலங்கிப் பார்த்தாள்.
எனக்கு அழுகை மட்டும் புரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் கருவாட்டுப் பை
என் மடியில்.
மூன்று காகிதம் சுற்றியும் அடங்கவில்லை வாசம்.
முன் சீட்டுக்காரர் இரண்டு முறை எழுந்து பார்த்தார்.
தடாவுக்கு முன்னால்
சன்னல் பக்கம் முகம் வைத்தபடி
என்னிடம் ஏதோ சொல்லத் தொடங்கினாள்
தெலுங்கில்.

பாஷை மாறியது அவளுக்குத் தெரியவில்லை.
"ம்" என்றேன்.
புளியமரம் ஒன்றைக் காட்டினாள்.
யாரையோ திட்டினாள்,
என் அம்மாவாகக்கூட இருக்கலாம்.
"ம்" என்றேன்.
கையை விரித்து எதையோ அளந்து காட்டி
தானே சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.

ஆரம்பாக்கம் வந்து
போன் துடிக்கும்வரை
நிறுத்தவில்லை அவள்.
நானும் சொல்லவில்லை.